உங்களுக்குக் கோபமே இல்லை, அத்தை

அத்தை,

மூடியை எவ்வளவு இறுக்கித் திருகினாலும் ஃபார்மலின் வாடை கசிந்துவிடுகிறது. கண்ணைக் கரிக்கும், தொண்டைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது ஆய்வகத்துக் குடுவைகளில் மிதந்த மீன்களிடம் வந்த அதே வாடை. இந்த ஆனி மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை என் உள்ளங்கையில் வைத்து, "சாய்க்காம எடுத்துட்டுப் போங்கம்மா. மேல பேரு எழுதியிருக்கு, லேப்ல குடுக்கறப்ப ஒரு தடவ சரி பாத்துக்குங்க" என்றார். தெளிந்த நீருக்குள் துணுக்குத் துணுக்காகச் சதை. இறால் உரித்த பிறகு விரலிடுக்கில் ஒட்டியிருக்குமே, அவ்வளவுதான் இருந்தது. உங்கள் தங்கையின், எங்கள் சின்னத்தையின், கர்ப்பப்பைக்குள்ளிருந்து எடுத்தது.

ஆட்டோவில் அதை மடியில் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் இப்படித்தான் எடுத்தார்கள். அன்றைக்கு டப்பாவைக் கொண்டுபோனவர் உங்கள் மகன். லேப்பில் கொடுத்துவிட்டு வந்தவர் சட்டையில் இந்த வாடை இருந்தது. பாப்பா அப்போது கைக்குழந்தை. அப்பாவின் தோளில் முகத்தை வைத்தவள் உடனே எடுத்துக்கொண்டு அழுதாள். குழந்தைக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு மாமா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

நீங்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. உங்களோடு பேச ஏதாவது சேதி வேண்டுமே என்று தள்ளிப்போட்டேன். அழுகையைத் தவிர என்னிடம் எதுவும் இருக்கவில்லை, அழுவதற்கு நம் தெருவில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இப்போது ஒரு சேதி இருக்கிறது. பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். உங்கள் மகன் கடலில். உலை கொதிக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நான் திருவேட்டக்குடியிலிருந்து மண்டபத்தூருக்கு வாழ வந்தவள். இரண்டும் கடற்கரைதான், பக்கத்துப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் உங்கள் வீட்டு வழக்கம் எனக்குப் புதிது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, ஆனி பிறந்து, விசைப்படகு மறுபடி கடலுக்குப் போகிற காலையில் படகின் முன்மூக்குக்கு, அணியத்துக்கு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது வீட்டுப் பெண் ஒருத்தி. அவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். மாதாமாதம் வருவது நின்றுபோனவளாகவும் இருக்க வேண்டும். மற்றப் பெண்கள் தள்ளித்தான் நிற்க வேண்டும். வலையைத் தாண்டக் கூடாது, நங்கூரக் கயிற்றை மிதிக்கக் கூடாது. கல்யாணமான முதல் வருஷம் துறைமுகத்தில் எல்லாப் பெண்களோடும் ஒதுங்கி நின்று உங்களைப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பருத்த உடம்போடு பலகையில் ஏறி, ஒரு குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் போல அணியத்துக்கு மஞ்சள் தேய்த்தீர்கள். ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். "கெடங்கடா. ஒரு வருசத்துக்கு ஒரு நாளுதான் எனக்கு" என்று அதட்டினீர்கள்.

அன்று திரும்பி வரும்போது என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "வாக்கப்பட்டு வந்த நாளா எங்க வூட்டுப் படகையே தேரு மாதிரி தூர நின்னு பாத்தேன்டி. எல்லாப் பொம்பளையும் நின்னுபோச்சேன்னு மூக்கச் சிந்துவாளுவ. எனக்கு நின்னப்ப நான் சக்கரப் பொங்கல் வச்சேன்."

"யாருக்கும் தெரியாமயா, அத்தை?"

"தெரியாம என்ன? ஒங்க மாமாதான் முந்திரிப்பருப்பு பொறுக்கித் தின்னாரு. எதுக்குப் பொங்கல்னு கேக்கவே இல்ல, மனுசன்."

அப்படிச் சிரித்தவர், பாப்பா பிறந்த வருஷம் படகைத் தொட மாட்டேன் என்றீர்கள்.

அந்தத் தடைக்காலத்தில் உங்கள் மகன் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டிருந்தார். உங்களிடம் கேட்கவில்லை. அந்தப் பழைய என்ஜின் மாமா ஓட்டியது. அதற்கு நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு பூசியவர். அதனால் துறைமுகத்தில் நீங்கள் ஐஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "இந்தத் தடவ நீயே தடவிக்க" என்றபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"எம்மா, வாம்மா. நேரமாவுது."

"வரல."

"என்ஜினுக்காவா?"

நீங்கள் வண்டியின் மறுபக்கம் நகர்ந்துகொண்டீர்கள். படகில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர், "கெழவிக்கு வீம்ப பாருடா" என்று சிரித்தார். கடைசியில் உங்கள் மகனே மஞ்சளைக் குழைத்துப் பூசினார். பூசும்போதே அவர் ஐஸ் வண்டிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது தள்ளி நின்ற எனக்குக்கூடத் தெரிந்தது. அம்மா கை படாத படகை ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு மனசு எப்படி இருக்கும்? நீங்கள் படகு போன திசையையே பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் கடித்தபடி நின்றீர்கள். அதையும் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் வீட்டில் நடந்தவற்றை இப்போது நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. நீங்கள் சாமி விளக்கு ஏற்றுவதை விட்டீர்கள். "இத்தன நாளு நான் ஏத்துனேன், இனிமே நீ ஏத்து" என்று தீப்பெட்டியை என் பக்கம் தள்ளினீர்கள். மாரியம்மன் கோயில் கஞ்சிக்கு அரிசி அளந்து கொடுத்தீர்கள். கோயில் பக்கம் போகவில்லை. வலை பின்னுகிற கொட்டகைக்கு டீ கொண்டுபோவது நின்றது. உங்கள் மகன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"என்ஜின் மேல உள்ள கோவம் இப்ப சாமி மேலயும் போயிடுச்சா?"

"ஆமாண்டா, போயிடுச்சு. நீ போயி ஒன் வேலையப் பாரு."

அவர் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு கத்தரிப்பூ நிறச் சேலை எடுத்து வந்தார். மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தீர்கள். மாமா, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் காப்பி குடித்துவிட்டு, "பெத்த புள்ளகிட்ட என்னம்மா வைராக்கியம்? கடலுக்குப் போறவன். மன்னிச்சு வுட்டுடு" என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க. ஆனா தொடமாட்டேன்" என்றீர்கள். பெரியவர் வெளியே வந்து மாமாவிடம், "இது மன்னிப்புலயே சேத்தி இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது.

அந்தக் கோபம் உங்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்தது, அத்தை! நாங்களே நெய்து உங்கள் தோளில் போர்த்திவிட்டோம். நீங்கள் அதை இழுத்து மூடிக்கொண்டீர்கள்.

பாப்பாவுக்குக் காது குத்திய அன்றும் நீங்கள் கோயில் வாசலைத் தாண்டவில்லை. தாய்மாமன் மடியில் அவள் வீறிட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். செருப்புக் குவியலுக்கு அருகே, வெயிலில், இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றிருந்தீர்கள். பேத்தியின் அழுகைக்குக்கூட உள்ளே வராத பிடிவாதம் என்று என் அம்மா முகத்தைச் சுளித்தார். சாப்பாட்டின்போது பாப்பாவை உங்களிடம் நீட்டினேன். "சாமி துன்னூறு வச்சிருக்கு புள்ளைக்கு, அப்புறமா தூக்குறேன்" என்றீர்கள். அந்தச் சொல் எனக்குள் எங்கோ இடறியது. ஆனால் அறுபதை நெருங்குகிற ஒருத்திக்குத் தீட்டு என்று எந்தப் படித்தவளுக்குத் தோன்றும்?

மறு வருஷத் தடைக்காலத்தில் பாப்பாவுக்கு ஊசி போடப் போனோம். பெஞ்சிலிருந்து நீங்கள் எழுந்தபோது அந்த மரப்பலகையில் ரத்தம். நீங்கள் என்னை முந்திக்கொண்டு முந்தானையால் துடைத்தீர்கள். துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையில், திருடும்போது பிடிபட்ட குழந்தையின் முகம் இருந்தது. ஊசி போட வந்த இடத்திலேயே உங்களைப் பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"எப்பலேருந்தும்மா ரத்தம் படுது?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

"போன தடைக்காலத்துலேருந்து."

அந்தச் சமயத்தில்தான் உங்கள் மகன் செய்தி கேட்டு ஓடி வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். காதில் விழுந்துவிட்டது. போன தடைக்காலம். அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. என்ஜின், அணியம், விளக்கு, கோயில், காதுகுத்து, அலமாரிச் சேலை, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இடம் மாறி உட்கார்ந்தன. அவர் அங்கேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நோயாளி யாரென்று நர்ஸுக்கு ஒரு கணம் குழப்பம்.

வார்டில் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன். சொல்லியிருக்கலாமே அத்தை.

"யாருகிட்டடி? பெத்த புள்ளகிட்டயா? நின்னது திரும்பி வந்துருச்சுன்னு ஒங்க மாமாகிட்டயா? ஒடம்பு சூடுன்னு நெனச்சேன். வெந்தயம் ஊற வச்சுக் குடிச்சேன்."

"என்கிட்ட?"

"நீ பச்ச ஒடம்புக்காரி. ஒனக்கே ஆயிரம்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னீர்கள். "எப்பவோ ஒரு பொட்டுதான் பட்டுச்சு மொதல்ல. ஆனா பட்டுருச்சுல்ல? தெரிஞ்சுகிட்டே எப்படி அந்தக் கையால படகத் தொடுவேன்? அவன் தண்ணில போறவன். கோவம்னா அவனுக்குப் புரியும். அதான், அப்படியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

புற்று உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கடைசி நாட்களில் ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னீர்கள். கடல் தெரியாது, காற்றாவது வரட்டும் என்றீர்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு முடியவில்லை.

உங்களுக்குப் பிறகு அணியத்துக்கு மஞ்சள் பூசும் உரிமை சின்னத்தைக்கு வந்தது. உங்களைப் போல அதட்ட மாட்டார். பூசும்போது ஏதோ முணுமுணுப்பார். உங்கள் பெயரைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும். பிள்ளை இல்லாதவர் என்பதால் அதற்கும் இரண்டொருவர் வாய் வைத்தார்கள். மாமா ஒரே போடாகப் போட்டார்: "எம் படகு. அது தொடும். புடிக்காதவன் கண்ண மூடிக்க."

இந்த வருஷம், தடைக்காலம் முடிகிற வாரத்தில், உங்கள் மகன் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "சின்னம்மாவுக்கு முட்டி வலியாம். பலகையில ஏற முடியாதாம். என்னையே பூசிக்கச் சொல்லிட்டாங்க."

குழம்புக் கரண்டி என் கையிலேயே நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து, "நீ போ. நான் வந்தா சொல்லாது" என்றார்.

அப்போதே போனேன். சின்னத்தை கிணற்றடியில் உட்கார்ந்து மத்தி ஆய்ந்துகொண்டிருந்தார். முட்டி வலிக்காரர், குந்திக்கொண்டு.

"முட்டி வலின்னாங்க?"

"இப்ப கொஞ்சம் தேவல."

"சின்னத்தை, ரத்தம் படுதா?"

அரிவாள்மனையில் கை நின்றது. "என்னடி கேள்வி இது? படிச்சவன்னா வெளக்கு வச்ச வூட்டுல எத வேணா கேப்பியா?"

"வெளக்கு நீங்க வச்சீங்களா, சின்ன மாமா வச்சாரா?"

அவர் ஒரு மத்தியை எடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவினார். ஏற்கெனவே செதில் போக ஆய்ந்த மீனைக் கழுவினார். பிறகு யாரும் இல்லாத தெருவைப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டுடி. ரெண்டு தரம். அவ்வளவுதான். அப்புறம் ஒன்னுமில்ல" என்றார்.

அந்த 'ஒரு பொட்டு' உங்கள் வாயிலிருந்து வந்த அதே சொல்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அந்த வார்டுக்கா? அது பெத்தவளுவ போற எடம். வயிறும் கையுமா உக்காந்திருப்பாளுவ. நான் எதுக்கு அங்க? ஒத்தப் புள்ள பெக்காதவ, இந்த வயசுல போயி வரிசையில நின்னா சிரிக்க மாட்டாளுவ?"

பக்கத்தில் உட்கார்ந்து மீதி மீனை ஆய்ந்தேன். எல்லாம் முடிந்து கை கழுவும்போது, "அக்கா வலியில கத்துனத நான்தான்டி கேட்டேன். நீயெல்லாம் வெளியில நின்ன" என்றார். மறுநாள் பேருந்து நிறுத்தத்துக்கு எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

அத்தை, எவ்வளவு சாதாரணமாக நடந்தது தெரியுமா? அதுதான் என்னைக் கொல்கிறது. டாக்டர் இளம்பெண், வெளியூர். முதலில் கீழ்வழியாக ஒரு ஸ்கேன். "உள்சவ்வு தடிச்சிருக்கும்மா. சுண்ணாம்பு மேல சுண்ணாம்பா அடிச்ச சுவரு மாதிரி. மாசாமாசம் வர்றது நின்ன பிறகு அது மெல்லிசாயிடணும்" என்றார். மெல்லிய குழாய் ஒன்றை விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"புத்தா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"அப்படி நெனச்சுப் பயப்படாதீங்க. நின்ன பிறகு ரத்தம் பட்டு வர்றவங்கள்ல நெறைய பேருக்குப் பெருசா ஒன்னும் இருக்காது, உள்தோல் காஞ்சு போயிகூடப் படும். ஆனா ஒரு சொட்டுன்னாலும் பாக்காம சொல்லக் கூடாது. சர்க்கரை, பிரஷர், ஒடம்பு கனம் உள்ளவங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலா வரும். புள்ளை பெக்காதவங்களுக்கும்."

சின்னத்தை படுத்தபடியே, "அதுக்கும் நான்தான் கெடச்சேனா?" என்றார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னத்தைக்கும். உங்களுக்குச் சர்க்கரை இருந்தது, கனமும் இருந்தது, நான் சிரிக்கவில்லை.

முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வந்தபோது நான் அந்தத் தாளை வாங்கிப் படிக்க முயன்று, எழுத்துகள் ஆடியதால் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இன்னும் புற்று ஆகவில்லை. ஆனால் அணுக்கள் உருமாறத் தொடங்கிவிட்டன. விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடிய மாற்றம். உள்ளே வேறெங்காவது ஏற்கெனவே மாறியிருக்கவும் இடமுண்டு. இந்த வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நல்லது. மாற்றம் இவ்வளவு தூரம் போகாதவர்களுக்கு மாத்திரை கொடுத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் உண்டாம். சின்னத்தைக்கு அது போதாது என்றார்.

சின்னத்தை கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எடுத்துட்டா இனிமே ரத்தமே வராதுல்ல?" என்றார்.

"வராதும்மா."

"அப்ப படகத் தொடலாம்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் படகு வழக்கத்தை நான் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரத்தம் பட்டா ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா. படகை விட்டு ஏன் தள்ளிப் போறீங்க? இப்பவே தொடுங்க, ஒன்னும் ஆவாது" என்றார்.

"அது ஒங்க கடலா இருந்தா சரிங்க. இது எங்க கடலு" என்றார் சின்னத்தை, மரியாதையாக.

ஆடியில் கத்தி வைப்பதா என்று சின்ன மாமா இழுத்தார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டார். ஆபரேஷன் முடிந்தது. எடுத்ததை முழுதாகப் பரிசோதித்துவிட்டு, எங்கும் புற்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சின்னத்தை இப்போது நன்றாக இருக்கிறார். பத்தியச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

இதுதான் சேதி. சந்தோஷமான சேதிதான். உங்கள் மகனுக்குப் போனில் சொன்னேன், கரைக்கு வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவர் குளிக்கவில்லை, உப்போடு வாசலில் உட்கார்ந்து நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அம்மாவுக்கும் அவ்வளவுதானா? அந்தக் குழாயி, அந்த டப்பா, ஒரு ஆபரேசன். அவ்வளவுதானா?" என்றார்.

எனக்குத் தெரியாது, உங்களுக்கு எப்போது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றேன். படித்தவளின் பதில். அவர் தலையாட்டினார். இருவருக்கும் தெரியும். நீங்கள் ஐஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்ற அந்தக் காலையில், அது ஒரு பொட்டாகத்தான் இருந்திருக்கும்.

தெருவில் இப்போது, "அக்கா செத்துத் தங்கச்சியக் காப்பாத்திருக்கா" என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. நீங்கள் யாருக்கும் பாடமாக வந்தவர் இல்லை. பொங்கல் வைத்துக் கொண்டாடிய ஒரு சுதந்திரத்தை, எங்கள் யாருக்கும் தெரியாமல் நீங்களே கழற்றி வைத்தீர்கள். மகன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று. அவர் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பித்தான் வந்தார், அத்தை. அதற்கு யாரிடம் நன்றி சொல்வது, யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் கிடக்கிறார்.

என்னைப் பற்றிக் கேட்டால், நான் பயந்தவளாகிவிட்டேன். எனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று அந்த டாக்டரிடம் கெஞ்சினேன். உங்களுக்கு இப்போது தேவையே இல்லை, எதுவும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் வாருங்கள், உடம்பு கனம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் மாதாமாதம் வரும்போது முன்பு அலுத்துக்கொண்ட நான் இப்போது உற்றுப் பார்க்கிறேன். தண்ணீர்க் குழாயடியில் வயதான பெண்கள் யாராவது ஒதுங்கி நின்றால் போய்ப் பேச்சுக் கொடுக்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருத்தி, "ஒனக்குப் பொம்பள ஒடம்பு தவுத்து வேற பேச்சே கெடையாதா?" என்று கேட்டுவிட்டாள். கெடையாதுதான்.

இவற்றையெல்லாம் விட, உங்களிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது வேறொன்று. இந்த வீட்டில் யாருடைய கோபத்தையும் என்னால் கோபம் என்று நம்ப முடியவில்லை. உங்கள் மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் எனக்குச் சண்டை போடத் தோன்றுவதில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொடுகிறேன். மாமா பேசாமல் இருந்தால் மருந்துச் சீட்டைத் தேடுகிறேன்.

நேற்று பாப்பா, கலர் பென்சில் வாங்கித் தரவில்லை என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. சாப்பிட வா என்றேன், வரவில்லை. மற்ற அம்மாக்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"எங்கடா வலிக்குது?"

"வலிக்கல."

"அம்மாகிட்ட சொல்லுடா. திட்ட மாட்டேன். எங்க?"

"ஒன்னும் வலிக்கலம்மா. கோவமா இருக்கேன். கோவம் மட்டுந்தான்."

அவள் சொன்னது உண்மைதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், சட்டையை விலக்கி வயிற்றை, கைகளை, கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.